பதில் சொல்லாத பெட்டி

எனக்கு நாற்றம் ஆகாது சார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் மீன் கழுவினால் அன்றைக்குச் சோறு இறங்காது. கையில் அழுக்குப் படாத வேலையாகப் பார்த்துத்தான் படித்தேன். ஆலைகளில் மெஷினை ஓட்டுகிற கன்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுதும் வேலை.

என் கெட்ட நேரம், செங்கோட்டைப் பக்கம் இந்தக் கோழிக்கழிவு ஆலையில் கொண்டுவந்து விட்டது. லாரி லாரியாகக் குடலும் தோலும் வந்து இறங்கும். வேகவைத்து அரைத்துத் தீவனமாக்குவார்கள். கழிவுநீர்க் குழி பின்னால் இருக்கிறது. மேலே கொழுப்பு ஆடை கட்டி, அதில் இறகு ஒட்டிக் கிடக்கும்.

அந்தக் குழிச்சுவரில் வாயுவை அளக்கும் ஒரு நெட்வொர்க் பெட்டி. குழிக்குள்ளே விஷவாயு எவ்வளவு என்று ஆலையின் கன்ட்ரோல் அறையிலிருக்கும் கன்ட்ரோலர் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது பதில் சொல்லும். அளவு குறைவென்றால் பச்சை விளக்கு எரிந்து குழிமூடியின் பூட்டு திறக்கும். பதிலே வராவிட்டால் மூடி பூட்டிக்கொள்ளும். நான்தான் அப்படி எழுதினேன். முதலில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தில் ஒயர் அரித்து அடிக்கடி பதில் நின்றது. உடனே எனக்குப் போன் வரும். குழியில் இறங்கி அடைப்பெடுக்கும் சொரிமுத்துதான்.

"சார், பொட்டி பேச மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாருங்க."

ஒயரை மாற்ற நான் குழி விளிம்பில் நிற்க வேண்டும். விழுந்துவிடாமல் அவன் என் கையைப் பிடித்துக்கொள்வான். அந்தக் கையால். வீட்டில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் அருவருப்பு போகாது.

அதனால் அறையில் உட்கார்ந்தபடியே புரோகிராமை மாற்றினேன். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த பதிலையே வைத்துக்கொள் என்று. அப்புறம் விளக்கு எப்போதும் பச்சைதான். எனக்குப் போன் வருவதும் நின்றது.

அன்றைக்கு வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். மத்தியானம் அடைப்பு. சொரிமுத்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, நான் இருந்த கன்ட்ரோல் அறை ஜன்னலுக்கு வந்தான்.

"என்னமோ தெரியல, இன்னைக்கு நாத்தமே இல்ல சார். எறங்கட்டா?"

அந்த வாயு அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. இது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. திரையில் காலையிலிருந்து அசையாமல் அதே எண். வேண்டாம் என்றால் ஒயரை நான்தான் போய் மாற்ற வேண்டும்.

"பச்சையாத்தான இருக்கு. எறங்கு."

"சரி சார்" என்று போனான்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலிலிருந்தே கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கடைசியாக "சரி சார்" என்று சொல்லியிருந்தானே, அது போதும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய்விட்டேன். ஐந்தருவியில் சீசன் தண்ணீர் நன்றாக விழுந்தது.

தலை துவட்டும்போது ஆலையிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை. அப்போதுதானே சார் குளித்திருந்தேன்.