கறுப்புப் பாறையில் பார்த்த திசை

ஃபோமிச்: டேய் கிளேப், அந்த ரொட்டியத் தொடாத!

கிளேப்: தொடல ஃபோமிச். கூடாரம் ஆடற ஆட்டத்துல கிளாஸ் மேலேர்ந்து விழப் பாத்துது... நேரா வெச்சேன்.

ஃபோமிச்: அது எஃபீம் பங்கு. செத்தவனுக்கு வெச்சது, ஒம்போதாம் நாள் வரைக்கும் இருக்கணும்.

கிளேப்: இன்னிக்கு நாலாம் நாள்தான். கொஞ்ச நேரத்துல விமானம் வந்துடும். யாரக் காவல் வெச்சுட்டுப் போறது, பென்குயினயா?

ஃபோமிச்: கடல் அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட கெடக்கு. ஈ காக்கா எட்டிப் பாக்காத எடத்துல பென்குயினாம்!

கிளேப்: சும்மா சொன்னேன்... சிரிச்சு நாலு நாளாச்சு.

ஃபோமிச்: சரி, பேர்ப் பட்டியல முடிப்போம். பனிக்கு மேல தல நீட்டற குன்னு மொத்தம் ஏழு. வடக்கால இருக்கற செவப்புக் குன்னுக்கு என்ன போட்ட?

கிளேப்: கெட்டில். மூக்கு நீட்டிட்டு நிக்குதுன்னு எஃபீம் வெச்ச பேரு.

ஃபோமிச்: மாஸ்கோவுல எவனும் ஒத்துக்க மாட்டான்.

கிளேப்: ஒத்துக்காட்டி இங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்.

ஃபோமிச்: அப்புறம்... நம்ம பின்னாடி இருக்கற கறுப்புக் குன்னு? எஃபீம் குன்னுன்னே போட்டுடலாம்டா.

கிளேப்: அந்தக் கல்லுக்கா? வேணாம்.

ஃபோமிச்: ஏன்?

கிளேப்: வேணாம்னா விடுங்களேன்.

ஃபோமிச்: சரி, சரி... அறிக்கையும் எழுதிட்டேன். கேளு. "ஓட்டுநர் எஃபீம், எரிபொருள் எடுத்துவரச் சென்றபோது, குறித்துக் கொடுத்த திசையை மீறி, தன் இஷ்டப்படி பனிவண்டியை ஓட்டி, பனிப்பிளவில் விழுந்து..."

கிளேப்: நிறுத்துங்க!

ஃபோமிச்: கத்தாத.

கிளேப்: மீறிப் போனானா? சொன்ன சொல்லு தட்டுவானா அவன்? நான் குடுத்த திசை எண்ணத்தான் காம்பஸ்ல வெச்சுக்கிட்டு, கண்ண மூடிட்டுப் போனான்!

ஃபோமிச்: பனிமூட்டத்துல கண்ணத் தொறந்திருந்தாலும் ஒண்ணுதான்.

கிளேப்: அதத்தான் சொல்றேன். எதுவும் தெரியல, அந்த எண்ணத்தான் நம்பினான். அது தப்பு.

ஃபோமிச்: தப்பாவது ஒண்ணாவது...

கிளேப்: நேத்து திரும்பப் பாத்தேன் ஃபோமிச். மூட்டம் வர்றதுக்கு முன்னாடி, காத்துக்கு மறைவா இருக்கேன்னு அந்தக் கறுப்புப் பாறை மேல குந்திக்கிட்டுத்தான் திசை பாத்தேன். அது மேல வெச்சா ஊசி ஒரு எடத்தக் காட்டுது. முப்பது அடி தள்ளி வந்தா வேற எடம். பன்னெண்டு டிகிரி! மூணு கிலோமீட்டர் போறதுக்குள்ள அறுநூறு மீட்டர் விலகிடும். நேரா பிளவுக் காடு...

ஃபோமிச்: கொஞ்சம் டீ குடி.

கிளேப்: டீ வேணாம். அந்தக் கல்லு ஊசிய இழுக்குது, இல்ல? கல்லு பத்தி உங்களுக்குத்தான தெரியும்.

ஃபோமிச்: ...இழுக்கும். சில கல்லு இழுக்கும்.

கிளேப்: அளக்கறதுதான் என் வேல. எழுந்து முப்பது அடி நடக்கச் சோம்பல் பட்டேன். அவ்வளவுதான், ஒருத்தன் போயிட்டான்.

ஃபோமிச்: டேய், யோசி. இத எழுதினா உன்ன உள்ள தள்ளிடுவாங்க. உன் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகல.

கிளேப்: நீங்க எழுதினபடி போனா எஃபீமோட பொண்டாட்டி ஸோயா என்ன படிப்பா? உன் புருஷன் திமிர் பிடிச்சுப் போய்ச் செத்தான்னா?

ஃபோமிச்: செத்தவனுக்கு ஒண்ணும் வலிக்காதுடா.

கிளேப்: அவளுக்கு வலிக்கும். இந்தாங்க. நானும் எழுதி வெச்சிருக்கேன். எல்லாம் என் தப்புன்னு. அதோ... கேக்குதா?

ஃபோமிச்: காத்து.

கிளேப்: காத்தில்ல, விமானம்தான். சீக்கிரம், அடியில சாட்சிக் கையெழுத்து மட்டும் போடுங்க.

ஃபோமிச்: வேணாம்டா கிளேப்... அதக் கிழிச்சுப் போடு.

கிளேப்: என்னக் காப்பாத்தணும்னு தவிக்கறீங்க. பெத்த அப்பன்கூட இவ்வளவு செய்ய மாட்டான். ஆனா முடியாது ஃபோமிச். போடுங்க.

ஃபோமிச்: என்ன பாத்தேன்னு கையெழுத்துப் போடச் சொல்ற?

கிளேப்: நான் அந்தப் பாறைல உக்காந்து திசை எடுத்ததப் பாத்தீங்கன்னு.

ஃபோமிச்: பாத்தேன்டா. பக்கத்துலயேதான் நின்னுட்டிருந்தேன். வந்த மொத நாளே அந்தக் கல்லு மேல ஊசி தப்புக் காட்டறதக் கண்டுபிடிச்சுட்டேன். குன்னு முழுக்க இரும்பு. போன தடவ நான் கண்டுபிடிச்சதுக்கு இன்னொருத்தன் பேர் வாங்கினான்... இத நானே மாஸ்கோவுல போய்ச் சொல்ற வரைக்கும் ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாதுன்னு, உங்க ரெண்டு பேர்கிட்டயும் மூடி மறைச்சேன். நீ ஊசி காட்டின எண்ணப் படிச்சப்போ, அங்கேருந்து எழுந்திரிடான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது கிளேப். முழுங்கிட்டேன்.