துறையூர் பஸ்ஸில் ஒரு வீடியோ கால்

“பஸ் நின்னாதான் எங்கப்பா அசையறாரு.”

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பிய துறையூர் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் சொன்னார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவைத் தம்பி போனில் காட்டிக்கொண்டிருந்தான். எதிர் வரிசையில் இருந்தவர் மடியில் மூன்று போன்கள். போகிற வழியெல்லாம் சிக்னலை அளப்பதுதான் அவர் வேலையாம்.

“ஓடுற பஸ்ல அப்படித்தாங்க. ஒரு டவரை விட்டு அடுத்த டவரைப் புடிக்கணும். அந்த நேரத்துல படம் நின்னுடும்.”

“புதுப் போன் சார்.”

“போன்ல ஒண்ணுமில்லங்க. நாமதான் ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கறோம். தினம் பாக்கறேன், கொள்ளிடம் பாலத்துல கண்டிப்பா நிக்கும்.”

அவர் சொன்னபடியே பாலத்தின் நடுவில் படம் நின்றது.

“வாயத் தொறந்தபடியே இருக்காரு சார். தண்ணி கேக்கறாரோ என்னமோ.”

“பயப்படாதீங்க, நெட்வொர்க்தான். டோல்கேட்ல பஸ் நிக்கும், சரியாயிடும்.”

டோல்கேட்டில் ஆட்கள் இறங்கினார்கள். அவர் தன் போன்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இப்ப சிக்னல் ஃபுல்லுங்க. படம் வந்துடுச்சா?”

அந்தப் பெண் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“வந்துடுச்சு சார். நல்லா தெளிவா இருக்கு. மேல ஃபேன் சுத்துது. தம்பி தலையில அடிச்சுக்கிட்டு அழறான்.”

பஸ் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.

“அப்பா மட்டும் அசையல சார்.”