ஒன்பது மில்லிமீட்டர்

குறட்டை விடுகிறவர்களை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை. தாவணகெரெயில் பத்தொன்பது வருடமாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். பல்லைப் பிடுங்கியதற்காக யாரும் என்னைத் தேடிவந்து கும்பிட்டதில்லை. தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததற்காகக் கும்பிட்டிருக்கிறார்கள்.

ஹாலேஷை அவன் மனைவி நிங்கம்மாதான் கூட்டிவந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வண்டியில் பதினெட்டுப் பிள்ளைகள். தடித்த கழுத்து, உள்வாங்கிய தாடை. நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே கண்ணயர்ந்துவிட்டான்.

"தூங்கறாரா, லாரி ஓட்டறாரான்னே தெரியல சார். நடுவுல திடீர்னு மூச்சு நின்னுடுது. நான்தான் தொடையில கிள்ளி எழுப்பறேன்" என்றாள் நிங்கம்மா.

ஹாலேஷ் விழித்துக்கொண்டான். "கிள்ளறதுக்கு அவளுக்கு ஒரு சாக்கு சார்."

ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை எடுக்கச் சொன்னேன். மணிக்கு இருபத்திரண்டு தடவை மூச்சு நின்றது. படுக்கும்போது நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. மேல் பல்லுக்கு ஒரு தட்டு, கீழ்ப் பல்லுக்கு ஒரு தட்டு. இரண்டையும் பூட்டிக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைத்தால் நாக்கும் கூடவே வரும், வழி திறக்கும். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். நான் முதல் நாளே ஒன்பது மில்லிமீட்டர் வைத்தேன். பிள்ளைகள் ஏறும் வண்டி, காத்திருக்க முடியாது.

ஒரு வாரத்தில் வந்தான். "காலையில பல்லு சேர மாட்டேங்குது சார். காதுகிட்டக் கத்தி சொருகின மாதிரி வலிக்குது. கொஞ்சம் தளர்த்துங்க."

வலித்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றேன். மூன்று தடவை வந்தான், மூன்று தடவையும் அதையே சொன்னேன். பிறகு வரவில்லை. அந்த மாதம் ரயில்வே கேட் அருகே ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து தூங்கிவிட்டான். பிள்ளைகள் கத்திய கத்தலில் பொரிக் கடைக்காரர் ஓடிவந்து எழுப்பினார். இதை நீங்களே விசாரித்துக்கொள்ளலாம். போன் செய்தால், "தட்டைப் போடறேன் சார், போடறேன்" என்பான். கடைசியில் எடுப்பதையும் நிறுத்தினான்.

போன வியாழக்கிழமை மதியம் அவனைப் பார்க்கப் போனேன். பேசத்தான் போனேன். ஞானப்பல் எடுக்கும் சுத்தியல் பையில் இருந்தது. பள்ளி மதிலோரம் வேன் நின்றது. பின் சீட்டில் நீட்டிப் படுத்திருந்தான்.

முதல் அடி இடப்பக்கம், கோரைப்பல்லின் வேருக்குக் கீழே. எலும்பு அங்கேதான் பலவீனம். அவன் எழ முயன்றபோது நெஞ்சில் முழங்காலை ஊன்றினேன். என்னை அடையாளம் கண்டுகொண்டான் என்றே நினைக்கிறேன்; "சார்" என்று சொல்லப் பார்த்தான், வாயில் அந்த எழுத்துக்கு இடமில்லை. வலப்பக்கம் இரண்டு அடி தேவைப்பட்டது. இரண்டு பக்கமும் உடைந்தால் தாடைக்குப் பிடிமானம் போய்விடும், நாக்கு தொண்டைக்குள் விழுந்துவிடும், ரத்தமும் சேர்ந்துகொள்ளும். தலையை ஒருபக்கமாகத் திருப்பியிருந்தால் பிழைத்திருப்பான். நான் திருப்பவில்லை. நாலு நிமிடம் ஆயிற்று.

குறட்டை விட்டானா என்று கேட்கிறீர்கள். இல்லை. நான் ஏறியபோது வாயை மூடி, சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

உடைந்த பல்லோடு ஒரு ஜோடித் தட்டு கீழே விழுந்தது. மெல்லியது, நல்ல வேலைப்பாடு. என்னுடையது அல்ல. அதைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை. அன்று காலையில்தான் சுஷ்மா போன் செய்திருந்தாள். என்னிடம் தொழில் கற்று, இரண்டு தெரு தள்ளித் தனியாகக் கிளினிக் வைத்திருக்கிற பெண்.

"சார், உங்க பேஷண்ட் ஹாலேஷ் என்கிட்ட வந்தாரு. அஞ்சு மில்லிமீட்டரே போதுமா இருந்துச்சு. திரும்ப டெஸ்ட் எடுத்தோம், இருபத்திரண்டா இருந்தது நாலாயிடுச்சு. வலியும் இல்லையாம். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு சொன்னேன்."

சந்தோஷம் என்றுதான் சொன்னேன். பிறகு சுத்தியலை எடுத்துப் பையில் வைத்தேன்.

பதினெட்டுப் பிள்ளைகளின் உயிர், இன்ஸ்பெக்டர் சார். அதைத் தவிர என் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை.