பன்றிமுடியும் நைலானும்

2014, மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. அன்று நண்பகலில் கானியோ தம் படுக்கையில் இறந்துகிடந்தார். முகம் மழிக்கப்பட்டிருந்தது; மறுநாள் காலை, தாடையில் ஒரு கத்திவெட்டு பழுப்பேறித் தெரிந்தது. அந்த வெட்டுக்கான பழியை, எவரையும் ஒரு வார்த்தை கேட்காமல், சலூன்காரர் தொனாத்தோவின் தலையில் ஊர் சுமத்தியது. அது அநியாயம். தென்னித்தாலியின் அந்த மலையூரில், அதே வாரம் சனிக்கிழமை மதியம், ஆளில்லாத தம் சலூனில், இறந்தவரின் தம்பி ஜெரார்தோவை நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துண்டைக் கட்டினார் தொனாத்தோ. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

ஜெரார்தோ: …இரு, இரு. அது என்ன கையில?

தொனாத்தோ: பிரஷ்.

ஜெரார்தோ: இதுவா? பொம்மைக் கடையில வாங்கினியா?

தொனாத்தோ: நைலான். பிடியைப் பாரு, கடல் நீலம். அழகா இல்ல?

ஜெரார்தோ: என் பன்னிமுடி பிரஷ் எங்கே?

தொனாத்தோ: ஆணியிலதான் தொங்குது. காஞ்சு கிடக்கு. ஊறப்போடலை.

ஜெரார்தோ: ஏன் போடலை? சனிக்கிழமை வருவேன்னு உனக்குத் தெரியாதா?

தொனாத்தோ: மறந்துட்டேன்.

ஜெரார்தோ: உன் கல்யாணத்தன்னைக்குக் கூட மறக்காம ஊறப்போட்டவன் நீ.

தொனாத்தோ: கல்யாணத்தன்னைக்கு ஊரே என்னை வாழ்த்திச்சு. இந்த வாரம் ஊரே காறித் துப்புது. மறதி வராதா?

ஜெரார்தோ: சரி, இப்ப ஊறப்போடு. நான் காத்திருக்கேன். எனக்கென்ன, ரயிலா பிடிக்கணும்?

தொனாத்தோ: எதுக்கு? இதை ஊறவைக்கவே வேண்டாம். தண்ணியில ஒரு முக்கு, ஒரு உதறு, சோப்புல ரெண்டு சுத்து… பாத்தியா? கிண்ணம் ரொம்பிடுச்சு.

ஜெரார்தோ: நுரையா அது? வெறும் காத்து. தும்மினா தெருவுக்குப் போயிடும்.

தொனாத்தோ: உன் பன்னிமுடி மட்டும் என்ன, வாங்கின புதுசுல பன்னிக் கொட்டகை நாத்தம். முடி உதிர்ந்து உதட்டுல ஒட்டும். வாரக்கணக்காத் துப்பிக்கிட்டே இருப்பே.

ஜெரார்தோ: புதுசுலதான். அப்புறம் நுனியெல்லாம் பிளந்து மெத்துன்னு ஆயிடும். என் முகத்துல எங்க முரடு, எங்க குழின்னு அதுக்கே தெரியும். நைலானுக்கு என்ன தெரியும்? இன்னைக்கு எப்படியோ அப்படியேதான் என்னைக்கும்.

தொனாத்தோ: நல்லதுதானே. உலகத்துல மாறாதது ரெண்டு இருக்கட்டும். இந்த பிரஷ்ஷும் உன் வீம்பும்.

ஜெரார்தோ: ஆரம்பிச்சிட்டான்யா…

தொனாத்தோ: கேளு, இது பூஞ்சை பிடிக்காது. ஒரு உதறு உதறி நிறுத்தி வச்சா சீக்கிரமே காஞ்சிடும். பன்னிமுடி சாயந்தரம் வரைக்கும் சொதசொதன்னு இருக்கும். அதனாலதான் படுத்த படுக்கையா ஆள் இருக்கிற வீட்ல…

ஜெரார்தோ: எந்த வீட்ல?

தொனாத்தோ: பொதுவாச் சொன்னேன்.

ஜெரார்தோ: பொதுவா எதையும் சொல்லாதே. உனக்குப் பொதுவே கிடையாது.

தொனாத்தோ: ஏன்டா இவ்வளவு கோவம்? ஒரு தடவை போட்டுப் பாத்தியா?

ஜெரார்தோ: நானா? நைலானைக் கையால தொட்டதே இல்லை. தொடவும் மாட்டேன்.

தொனாத்தோ: தொடாமயே இத்தனை குறை சொல்றே. கல்யாணத்தைப் பத்திப் பாதிரியார் பிரசங்கம் பண்ற மாதிரி.

ஜெரார்தோ: தெரியாதா எனக்கு? அதுல சூடு தங்காது. பன்னிமுடி வெந்நீரைக் குடிச்சு வச்சுக்கும். கன்னத்துல வச்சா, யாரோ உள்ளங்கையை வச்ச மாதிரி இருக்கும். இது…

தொனாத்தோ: இது?

ஜெரார்தோ: ஆறின கன்னத்துல நிக்கவே நிக்காது. பாலாடை மாதிரி விலகிடும். அடியில தோல் அப்படியே வறண்டு தெரியும். மறுபடி போடணும். மறுபடி போட்டாலும் வழுக்கிக்கிட்டு… என்ன அப்படிப் பாக்குறே?

தொனாத்தோ: ஆறின கன்னமா?

ஜெரார்தோ: குளிர்காலத்தைச் சொன்னேன்.

தொனாத்தோ: குளிர்ல கன்னம் செவக்கும். நான் நாள் பூரா கன்னத்தைப் பாக்குறவன். ஆறாது.

ஜெரார்தோ: வாயில வர்றதையெல்லாம் தராசுல போடாதே. பேசாம வேலையைப் பாரு.

தொனாத்தோ: எங்கே இருக்கு வேலை? சுத்திப் பாரு. சனிக்கிழமை மதியம். இந்நேரம் இந்த பெஞ்சுல நாலு பேரு உக்காந்துக்கிட்டு, யாரு பெனால்டியைக் கோட்டை விட்டான்னு கத்திக்கிட்டு இருப்பானுங்க. இன்னைக்கு ஈ கூட இல்ல. எதிர்ச்சாரியில நடந்து போறானுங்க. என் நிழல் பட்டா கழுத்து அறுந்திடும் பாரு.

ஜெரார்தோ: ரெண்டு வாரத்துல மறந்திடுவானுங்க.

தொனாத்தோ: உங்க அண்ணி மறப்பாளா? நுன்சியாத்தா பால்கனியில நின்னு தெருவுக்கே கேக்கிற மாதிரி… 'என் புருஷன் தாடையைக் கிழிச்சுட்டு, செத்ததும் சொல்லாம கொள்ளாம ஓடினவன்.' நேத்து ரொட்டிக் கடையில எனக்கு முன்னால இருந்தவ பிள்ளையை இழுத்துப் பின்னால விட்டுக்கிட்டா.

ஜெரார்தோ: செவ்வாய்க்கிழமைன்னா நீதானே போவே அங்க?

தொனாத்தோ: போவேன். அன்னைக்கு லேட்டாயிடுச்சு. பார்ல சீட்டாட்டம். சீட்டு நல்லா விழுந்துக்கிட்டு இருந்துச்சு… நான் போறப்பவே ஒப்பாரி கேட்டுச்சு. மேல ஏறினா, உங்க அண்ணன் முகம் வழவழன்னு கிடக்குறான். நுன்சியாத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கடைசியா அவரைச் சுத்தமா அனுப்பிவச்சே தொனாத்தோ, மாதா உன்னைக் காப்பாத்தட்டும்'னு அழுவுறா.

ஜெரார்தோ: நீ என்ன சொன்னே?

தொனாத்தோ: தலையாட்டினேன்.

ஜெரார்தோ: ஆட்டினியா!

தொனாத்தோ: வேற என்ன பண்ணச் சொல்றே? செத்தவன் கட்டில்கிட்ட நின்னு, 'அம்மா, நான் சீட்டாடிக்கிட்டு இருந்தேன்'ன்னு சொல்லவா? அன்னைக்கு வெட்டும் தெரியலை. ராத்திரியிலதான் காஞ்சு பழுப்பாயிருக்கு. காலையில அதே வாய்தான் சாபம் விட்டுச்சு.

ஜெரார்தோ: நன்றி வந்தப்ப வாங்கிப் பையில போட்டுக்கிட்டே. பழி வந்தப்ப கசக்குதா?

தொனாத்தோ: பேசு, பேசு. அந்த நன்றியால என் நல்ல பிரஷ்ஷே போச்சு. செத்தவன் முகத்தைத் தொட்டது சவப்பெட்டியோட போகணுமா இல்லையா? எல்லாரும் என் கையையே பாக்குறாங்க. எங்கப்பன் காலத்துப் பெரிய பன்னிமுடி பிரஷ்… எடுத்து அவன் பக்கத்துல வச்சேன். அன்னைக்கு அவனைத் தொடவே தொடாத பிரஷ்!

ஜெரார்தோ: சரி, போனது போச்சு.

தொனாத்தோ: அப்போ தொட்டது எதுன்னு நீ கேக்கலையே?

ஜெரார்தோ: எனக்கெதுக்கு அது?

தொனாத்தோ: ஆமா, உனக்கெதுக்கு… நிமிரு. நுரை அடங்குது.

ஜெரார்தோ: அது வேண்டாம்னு சொன்னேன்.

தொனாத்தோ: ஒரே ஒரு கன்னம். பிடிக்கலைன்னா துடைச்சிடறேன்.

ஜெரார்தோ: வேண்டாம், தொனாத்தோ.

தொனாத்தோ: நேத்து போஸ்ட்மேன் சும்மா பூனை மாதிரி கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டான். நீ என்னமோ…

ஜெரார்தோ: எடுடா அதை!

தொனாத்தோ: கையை விடு. மணிக்கட்டு ஒடிஞ்சிடும்.

ஜெரார்தோ: செத்த முகத்தைத் தொட்டதை என் மேல வைக்கிறியா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?

தொனாத்தோ: தொட்டதுன்னு உனக்கு யாரு சொன்னா?

ஜெரார்தோ: நீ… நீதான் இப்ப…

தொனாத்தோ: நான் சொல்லலை. யாருமே சொல்லலை. நுன்சியாத்தாவே என் பிரஷ்தான் தொட்டுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. நான் போனப்ப இதே மாதிரி ஒரு நைலான் பிரஷ் கட்டில் பக்கத்துல கிண்ணத்துல கிடந்துச்சு. ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட்டுல இருக்கிற உங்க அண்ணன் மக அனுப்பினது, நீலப் பிடி. சீக்கிரம் காயுற பிரஷ், தொட்டா ஈரம். இப்பதான் யாரோ வச்சுட்டுப் போயிருக்கான்னு அப்பவே தெரிஞ்சுது.

ஜெரார்தோ: அதை எடுத்துக்கிட்டு வந்து எனக்கே…

தொனாத்தோ: இது அது இல்ல. அது பெட்டிக்குள்ள போயிடுச்சு. என் பிரஷ்ஷுக்குக் கீழ, துணி மடிப்புல சொருகிட்டேன். முறையை மீற நான் யாரு? இது நேத்து கடையில வாங்கின புதுசு. நேத்து வந்த ரெண்டு பேருக்கும் இதாலதான் போட்டேன். ஒருத்தன் நல்லாயிருக்குன்னான், ஒருத்தன் கூசுதுன்னான். பேயைப் பாத்த மாதிரி என் கையைப் பிடிச்சவன் நீ ஒருத்தன்தான்.

ஜெரார்தோ: துண்டை அவிழு. நான் போறேன்.

தொனாத்தோ: போ. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நின்னு, 'என் அண்ணனுக்குச் சவரம் பண்ணினது நான்தான்'னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டுப் போ.

ஜெரார்தோ: மாட்டேன்.

தொனாத்தோ: என் கடை மூடிடும்டா!

ஜெரார்தோ: அவன் வாசப்படியை மிதிக்க மாட்டேன், அவன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு அதே கோயில் வாசல்ல சொன்னவன் நான்.

தொனாத்தோ: தெரியும். உங்க அம்மா செத்தப்ப, வடக்கே டூரின்ல இருந்து நீ வந்து சேர்றதுக்குள்ள சவப்பெட்டியை மூடிட்டான். ஊருக்கே தெரியும். பழைய கதை.

ஜெரார்தோ: உனக்குப் பழசு. நான் ரயில்ல நின்னுக்கிட்டே வந்தவன். அரை நாள் பொறுத்திருக்கலாம் அவன்.

தொனாத்தோ: அப்புறம் எதுக்கு ஏறினே அந்தப் படியை?

ஜெரார்தோ: உன்னாலதான்! சந்துல போய்க்கிட்டு இருந்தேன். மேல இருந்து தடியால தரையைத் தட்டுறான். 'தொனாத்தோ… எங்கடா தொலைஞ்சே?' மறுபடி தட்டுறான். நீ அங்கே சீட்டைக் கலைச்சுக்கிட்டு இருந்திருக்கே. சாவி கதவுலயே இருந்துச்சு. நுன்சியாத்தா சந்தைக்குப் போயிருந்தா.

தொனாத்தோ: உயிரோட இருந்தானா? நீ போறப்ப?

ஜெரார்தோ: உயிர் இல்லாதவனா தட்டுவான்?

தொனாத்தோ: நான்… செத்தப்புறம்தான் நீ பண்ணியிருக்கேன்னு நினைச்சேன்…

ஜெரார்தோ: கண்ணுல புரை. எதிர்ல நிக்கிறது ஆளா அலமாரியான்னு தெரியாது அவனுக்கு. நீன்னு நினைச்சுக்கிட்டான். 'வந்துட்டியா, போடு போடு, தாடி அரிக்குது'ன்னான். எல்லாம் எடுத்து வச்சிருந்துச்சு. கிண்ணம், சோப்பு, அந்தக் கண்றாவி பிரஷ், அப்பாவோட கத்தி. நான் வாயைத் திறக்கலை. இடப்பக்கம் முடிச்சேன். ஒரு கீறல் கிடையாது, தொனாத்தோ. ஒரு கீறல் கிடையாது.

தொனாத்தோ: அப்புறம்?

ஜெரார்தோ: வலப்பக்கம் நுரை போட்டேன். கத்தியைத் தீட்டிட்டுத் திரும்புறேன்… மூச்சு இல்ல.

தொனாத்தோ: அட கடவுளே. கத்திக் கூப்பிட்டிருக்கலாமே! சன்னலுக்குக் கீழ சந்து பூரா ஆளு!

ஜெரார்தோ: கத்தினா எல்லாரும் வருவாங்க. வந்தா நான் அங்க நிக்கிறேன். உக்காந்துட்டேன். நுரை காஞ்சு பொரிஞ்சு உதிர்ந்துச்சு. கன்னம் ஆறிடுச்சு. பாதி முகத்தோட எப்படிடா விட்டுட்டு வர்றது? மறுபடி போட்டேன், நிக்கலை. கையும் நிக்கலை.

தொனாத்தோ: அப்பதான் வெட்டு.

ஜெரார்தோ: அப்பதான். ரத்தமே வரலை. அதைப் பாத்ததும்தான் எனக்குப் புரிஞ்சுது, உண்மையாவே போயிட்டான்னு. பின்படி வழியா இறங்கிட்டேன்.

தொனாத்தோ: அவ வந்து தனியாப் பாக்கட்டும்னு. பழியை நான் சுமக்கட்டும்னு.

ஜெரார்தோ: உன்மேல விழும்னு நினைக்கலை. விழுந்தப்புறம்… எடுக்கவும் கை வரலை. அது நிஜம்.

தொனாத்தோ: இப்ப எடு. நாளைக்குச் சொல்லு. கடைசி நாள்ல அண்ணனுக்குச் சவரம் பண்ணிவிட்டேன்னா, யாரு உன்னைக் கல்லால அடிப்பா? கட்டிப் பிடிச்சுக்குவாங்கடா.

ஜெரார்தோ: கட்டிப் பிடிச்சுக்கிட்டே கேப்பாங்க. 'கடைசியா என்ன பேசிக்கிட்டீங்க?' நுன்சியாத்தாதான் முதல்ல கேப்பா.

தொனாத்தோ: நான்தான்னு நினைச்சு ஏதோ பேசினான்னு சொல்லு. நீன்னு தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டான். அவனுக்கும் நிம்மதி, உன் வீம்பும் அப்படியே இருக்கும்.

ஜெரார்தோ: தெரியாம போகலை.

தொனாத்தோ: கண்ணு தெரியாதுன்னு நீதானே…

ஜெரார்தோ: கண்ணுதான் தெரியாது. இடப்பக்கம் முடிஞ்சதும் தடவிப் பாத்தான். 'தொனாத்தோ மேல இருந்து கீழதான் இழுப்பான். இது கீழ இருந்து மேல, அப்பா பழக்கின கை'ன்னான். அப்புறம் என் பேரைச் சொன்னான்.

தொனாத்தோ: …நீ?

ஜெரார்தோ: நுரை கலக்கிக்கிட்டு இருந்தேன்.

தொனாத்தோ: பாவி… ஒரு 'ம்' கூடவா போடலை?

ஜெரார்தோ: 'நல்லா இருக்கேனாடா, ஜெரார்தோ?' அவ்வளவுதான் கேட்டான். நான் கலக்கிக்கிட்டே இருந்தேன்… பதில் சொல்லலாம்னு திரும்பினப்பதான்… அவனைப் பெட்டியில வச்சப்ப நான் வரலை. நீ பாத்தே, ஊரே வரிசையில நின்னு பாத்துச்சு. எல்லாரையும் நிறுத்திக் கேக்கணும் போல இருக்கு: வெட்டை விடுங்க, முகத்தைச் சொல்லுங்க… பாத்தவங்க யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன், நல்லா இருந்தானா அவன்?