பூஜ்யத்துக்காக அடைத்த ஜன்னல்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே! கண்ணீர் காயாத தாய்மார்களே! படத்தருகே அமர்ந்திருக்கும் மகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

படத்தில் சிரிப்பவர் யார்? பதினோரு ஆண்டுகள் மிளகாய் அரைத்தவர். நம் அரவை அக்கா. பேசுகிற நான் யார்? சுவருக்கு இந்தப் பக்கம், ஆய்வறையில், அக்கா அரைத்த தூளின் காரத்தை அளந்தவன்!

தூளை எரிசாராயத்தில் ஊறவைத்து, வடித்து, இயந்திரத்துக்குள் செலுத்தினால், காரம் எவ்வளவு என்று எண் வரும். அதற்கு முன், மிளகாயே படாத வெறும் சாராயத்தைச் செலுத்திப் பார்ப்போம். பூஜ்யம் வர வேண்டும்.

ஆறு மாதம் முன்பு மூன்று வந்தது! குடுவையில் அழுக்கு என்றெண்ணிக் கழுவினேன், காய்ச்சினேன், மறுபடி கழுவினேன். மறுநாள் ஐந்து! ஒரு வாரம் குடுவைகளைத் திட்டித் தீர்த்த பிறகே தலை நிமிர்ந்தேன். அரவை அறை ஜன்னல் வழியே தூள் மிதந்து வந்து விழுந்துகொண்டிருந்தது.

குடுவைக்குள் இவ்வளவு என்றால் அக்காவின் நெஞ்சுக்குள் எவ்வளவு? கேட்டேனா? என்ன அண்ணே, பின்னாலிருந்து? "படிச்சவனுக்குப் புத்தி எங்க போச்சு"ன்னா? நியாயமான கேள்வி. அதற்குத்தான் இங்கே நிற்கிறேன். அந்த ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தேன். அந்த அறைக்கு இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான்!

மறுநாள் பூஜ்யம் வந்தது. மகிழ்ச்சியில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். அக்காவுக்கும் கொடுத்தேன்.

"என்ன தம்பி, ஜன்னல அடைச்சுட்டீங்க? மூச்சு முட்டுதே."

"மெஷினுக்குத் தூசி ஆகாதுக்கா."

"அப்படியா? சரி விடுங்க. பாவம், அதுக்கு வாய் இருக்கா, சொல்றதுக்கு?"

வாயிருந்தும் அக்கா அதற்கு மேல் சொல்லவில்லை. ஐந்து மாதம் இருமினார். ஆறாம் மாதம் அடங்கினார்.

மேலாளர் மணி அடிக்கிறார். ஐயா, அவர் ஐந்து மாதம் பொறுத்தார். நீங்கள் ஐந்து நிமிடம் பொறுக்கக் கூடாதா?

அக்காவின் சாவுக்குக் காரணம் பழைய இழுப்பு நோய் என்கிறது ஆலையின் அறிக்கை. என் பதிவேடு அப்படிச் சொல்லவில்லை! அதில் தேதி இருக்கிறது, எண் இருக்கிறது, ஜன்னலை அடைத்தவன் கையெழுத்தும் இருக்கிறது! அந்தச் சாவு குறித்துத் திங்கட்கிழமை நடக்கும் விசாரணையில் அதை நானே கொடுப்பேன். வேலை போகுமா? போகட்டும்! குற்றவாளி என்பார்களா? ஆமாம் என்பேன்!

மகளே, மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. உன் அம்மா நோயோடு வேலைக்கு வரவில்லை. நல்ல மூச்சோடு வந்தார். அந்த மூச்சை நிறுத்தியதில் என் கையும் உண்டு.

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. அக்காவுக்கு என் வணக்கம்.