ஆடியில் கரை சேர்ந்த தோணி

— ஏளா ஜெனிலா, ஓடி வா! எல்லாம் மண்ணாப் போச்சு. ஸ்கிரீன் பூராவும் செவப்பு. எவனோ ஒருத்தன், கேட்ட பணத்தைக் குடுத்தாத்தான் ஃபைலைத் தொறக்க விடுவேங்கான்.

— எதைத் தொறந்திய அண்ணாச்சி?

— நான் எதைத் தொறந்தேன்? நேசக்குமார் தொறந்திருப்பான். எந்நேரமும் கிரிக்கெட்டுதான் பாக்கான்.

— அவரு காலையில இருந்து துறைமுகத்துல உப்புக் கண்டெய்னர் கூட நிக்காரு. இது உங்க கம்ப்யூட்டரு.

— சரி, ஒரு மெயிலு வந்துச்சு. ‘உங்க தோணி மாலத்தீவுல கரை சேந்துட்டு, ரசீதைப் பாருங்க’ன்னு. நம்ம தோணி பேரே போட்டிருந்தான். சந்தோஷத்துல தட்டிட்டேன்.

— இது ஆடி மாசம் அண்ணாச்சி. காத்துக்குப் பயந்து அம்புட்டுத் தோணியும் இங்கனதான் கெட்டிக் கெடக்கு. நம்ம தோணிக்குப் பெயிண்ட் அடிக்க நேத்துதானே ஆள் விட்டிய?

— முருகா! தோணிக்காரன் மவன் நான், எம்புத்தி எங்க போச்சு!

— பதறாதிய.

— பதறாம? சாயந்திரம் கப்பல் கெளம்புது. காலையில அடிச்ச உப்பு ஏத்துமதிப் பேப்பர் பூரா இதுக்குள்ளதான். அது இல்லன்னா ஒரு கண்டெய்னரும் ஏறாது. எங்கப்பா எடுத்த பேரு இன்னையோட சரி. பக்கத்து ஆபீஸ்காரன் இப்படித்தானே இழுத்துப் பூட்டுனான்!

— அவங்ககிட்ட விர்ச்சுவல் மெஷின் கெடையாது. நம்மகிட்ட கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓட வச்சேம்லா? அது தனி ரூம் மாதிரி. கள்ளன் வந்தாலும் அதைத் தாண்ட மாட்டான். அந்த ரூமையே அழிச்சிட்டு, மத்தியானம் வெளிய எடுத்து வச்ச நகலைப் போட்டா, பழையபடி வந்துரும்.

— அதாம்ளா வயித்தெரிச்சலு! மெதுவா ஓடுது, என் கம்ப்யூட்டர்ல அது வேண்டாம்னு சித்திரையில கத்துனேன்லா. நீயும் எடுத்துட்டேன்னு சொன்ன. என் வாயாலயே கெட்டேன்.

— கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இந்தா, அழிச்சாச்சு.

— அடிப்பாவி, எதை அழிச்ச?

— கள்ளனை. இப்போ பாருங்க.

— ஏ, நம்ம பழைய ஸ்கிரீனு! உப்புப் பேப்பர் இருக்கு! எல்லாம் இருக்குளா! முருகா, கண்டெய்னர் ஏறும்! நேசக்குமாருக்குப் போனைப் போடு, அவனுக்கு இன்னைக்கு என் செலவுல பரோட்டா! உனக்கு மக்ரூன் ஒரு டப்பா! ஆமா, இது எப்படி? நீதான் அந்த ரூமை அன்னைக்கே எடுத்துட்டியே?

— எடுத்தேன்னு சொன்னேன் அண்ணாச்சி. மெதுவா ஓடுதுன்னியளேன்னு மெமரியை மட்டும் கூட்டி விட்டேன். சித்திரையில இருந்து நீங்க உக்காந்து வேலை பாக்கதே அந்த ரூமுக்குள்ளதான்.