இரு கரைக்கும் ஒரே படகாய் இருந்த நெகானே உர்கியா அவர்களுக்கு

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே ஓடும் எங்கள் ஆற்றை இரு நாட்டு அரசுகளும் எல்லை என்று எழுதிவைத்தபோது, இது எங்கள் வாசல் என்று படகால் எழுதிக் காட்டிய பாஸ்க் மண்ணின் மகளே! கழிமுகத்துக் கலங்கல் நீரிலும் கலங்காத கண்ணினரே! அலையோடு அஞ்சாமல் பேசி, அதிகாரத்தோடும் அதே குரலில் பேசிய ஆற்றுமீட்புப் படையின் அருந்தலைவியே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களை, பிரான்சின் வடகரையிலும் ஸ்பெயினின் தென்கரையிலும் உங்களோடு உழைத்த நாங்கள் வணங்கி, இம்மடலை உங்கள் முன் படிக்கிறோம்.

தென்கரைத் தீயணைப்பு நிலையத்தின் ஒரே பெண்ணாகப் பணியில் சேர்ந்தீர்கள். எல்லைச் சோதனைகள் நீங்கி, பாலத்தடிச் சுங்கச்சாவடி பாழடைந்து கிடந்த காலத்தில், அதை இரு ஊரும் சேர்ந்து மீட்பு நிலையமாக்கலாம் என்று முதலில் சொன்னவர் நீங்கள். வடகரையில் மருத்துவமனை அருகில். தென்கரையில் நல்ல படகுத்துறை. இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவர் பிழைப்பார் என்று இரு நகரமன்றங்களிலும் ஏறி இறங்கி வாதாடினீர்கள். வாதம் வென்றது. ஒரே கூரை, ஒரே படகு, இரண்டு நாட்டுச் சம்பளம், ஒரே சாப்பாட்டு மேசை என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தோம்.

செவ்வாய்தோறும் பயிற்சி முடிந்ததும் பூண்டும் ஆலிவ் எண்ணெயுமாய் நீங்கள் சமைத்த உப்புக் கருவாட்டு மீனுக்காகவே வடகரைக்காரர்கள் விடுப்பு எடுக்காமல் வந்தார்கள் என்பது இன்று வெளியிடத்தக்க உண்மை. மீனவர்களை மீட்டீர்கள், மது அருந்திவிட்டுத் துடுப்புப் போட்ட சுற்றுலாக்காரர்களை மீட்டீர்கள், பாலத்திலிருந்து குதித்தால் காதலி மனம் மாறுவாள் என்று நம்பிய மருந்துக்கடைக்காரரையும் மீட்டீர்கள். அவர் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அந்தக் காதலியும் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்.

பிறகு எல்லைச் சோதனை திரும்ப வந்தது. ஆறு மாதத்துக்கு மட்டும் என்றார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. நடைபாலத்தை இரும்புத் தட்டியால் அடைத்தார்கள். ஊரெல்லாம் வண்டிப்பாலத்தில் வரிசையில் நின்றது. தென்கரையில் வீடு எடுத்து வடகரையில் வேலை பார்க்கும் செவிலியர்கள் நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். வெள்ளைத் தோலர் கையசைத்துப் போக, கறுத்த தோலர் மட்டும் காரிலிருந்து இறக்கப்பட்டதை நாம் தினமும் பார்த்தோம். சுங்கச்சாவடிக் கட்டடத்தைக் காவல்துறைக்கே திரும்பக் கொடுத்தார்கள். நம் சாப்பாட்டு மேசை நாள் முழுக்கத் தெருவில் மழையில் நனைந்தது. ஒரே படை என்பது ஒப்பந்தத் தாளில் மட்டும் மிஞ்சி, இந்தக் கரைக்கு ஒரு படகு, அந்தக் கரைக்கு ஒரு படகு என்றானது. ஆற்றின் நடுக்கோட்டைத் தாண்ட இரு நாட்டுக் கட்டுப்பாட்டு அறைகளும் அனுமதி தர வேண்டும் என்று ஆணை வந்தது. அந்த ஆணையை எழுதியவர்கள் ஒருவரும் நம் ஆற்றில் முழங்கால் அளவுகூட இறங்கியதில்லை.

வழி அடைபட்டவர்கள் நீந்தத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அவர்களுக்கு எதிர்க்கரை கைக்கெட்டும் தூரமாய்த் தெரிந்தது. கடல் உள்வாங்கும் வற்ற நேரத்தில் இந்த ஆறு ஆளைக் காலைப் பிடித்து இழுக்கும் என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஆளில்லை.

அந்த நவம்பர் ஞாயிறு பிற்பகலை நீங்கள் மேடையில் ஒருபோதும் சொன்னதில்லை. எனவே நாங்கள் சொல்கிறோம்.

கினி நாட்டிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர், செகூபா, மமாதி என்று பெயர், தென்கரையிலிருந்து நீந்தினார்கள். நடுக்கோட்டைத் தாண்டிய பிறகு வற்றம் அவர்களைக் கடல்பக்கம் இழுத்தது. கரையில் நின்ற தூண்டில்காரர் அலறியதும் நீங்கள் படகை எடுத்துவிட்டீர்கள். கட்டுப்பாட்டு அறை வானொலியில் தடுத்தது.

“கோட்டுக்கிட்டயே நில்லுங்க. அந்தப் பக்கம் அவங்க படகு வரும். அனுமதி கேட்டிருக்கோம்.”

வடகரைப் படகை ஓட்ட வேண்டிய பெயோ, அழைப்பு வந்ததும் தென்கரையிலுள்ள தன் வீட்டிலிருந்து கிளம்பி, பாலத்து வரிசையில் அடையாள அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அது உங்களுக்குத் தெரியும். பாலத்தில் அவருடைய காரை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்.

“அந்தப் படகோட ஆளு வரிசையில நிக்கிறான். நான் போறேன். எழுதிக்கோங்க,” என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டினீர்கள்.

தம்பி மமாதியின் சட்டைக் காலர் உங்கள் கைக்குக் கிடைத்தது. அண்ணன் செகூபா கிடைக்கவில்லை. கோட்டருகே வானொலியோடு பேசிய நேரம் வீணாகாதிருந்தால் கிடைத்திருப்பானா என்று நீங்கள் எங்களைக் கேட்டதே இல்லை. 

குளிரில் நீலம் பாரித்தவனோடு வடகரைப் படித்துறையை அடைந்தபோது அங்கே ஒரு காவலர் நின்றார். தூரத்து ஊர்க்காரர், முறை வைத்து அனுப்பப்பட்டவர்.

“இவரை இங்க இறக்கக் கூடாது, மேடம். எந்தக் கரையில இருந்து வந்தாரோ அங்கேயே கொண்டு போங்க.”

“என் கரையில ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம் ஆகும். இங்க ஆஸ்பத்திரி ஜன்னல் தெரியுது, திரும்பிப் பாருங்க. இறக்கிட்டுப் பேசுவோம்.”

“உங்க மேல கேஸ் வரும்.”

“வரட்டும். என் பேரு நெகானே உர்கியா. எழுத்துக்கூட்டிச் சொல்லணுமா?”

மமாதி பிழைத்தான். மறுநாள் அவனை ஆஸ்பத்திரிச் செருப்போடு பாலத்தின் நடுவே கொண்டுவந்து, தென்கரைக்குத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் மேல் வழக்கும் வந்தது. அனுமதியின்றி ஒருவரை நாட்டுக்குள் கொண்டுவந்தீர்கள் என்று எழுதியிருந்தது. நதிக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாதா என்று விசாரணை அதிகாரி கேட்டார். “அந்தப் பையன் முங்குன இடம் எனக்குத் தெரியும். கோடு எங்க இருக்குன்னு நீங்கதான் வந்து காட்டணும்,” என்று சொன்னீர்கள். அவர் சிரிக்கவில்லை. வழக்கு கடைசியில் தள்ளுபடியானது. ஆனால் அதற்குள் கூட்டுப்படைத் தலைமை உங்களிடமிருந்து போய்விட்டது.

இதற்கிடையே செகூபாவின் உடல் வடகரைச் சதுப்பில் ஒதுங்கியது. மேட்டுக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைக்க ஏற்பாடானது. தம்பி ஒரு மணி நேரம் வந்துபோக அனுமதி கேட்டு நீங்கள் ஏறாத படியில்லை. கிடைக்கவில்லை. அடக்கத்தன்று அவனைப் படகில் ஏற்றி நடுக்கோடு வரை கொண்டுபோனீர்கள். நீரின் இழுப்புக்கு எதிராக இயந்திரத்தை மெல்ல ஓடவிட்டு, படகை ஒரே இடத்தில் நிறுத்தினீர்கள். மேட்டில் பெயோவும், தொழுகை நடத்த வந்த இமாமும், எங்களில் சிலரும் நின்றோம். கீழே உங்கள் ஆரஞ்சு நிற மேலாடை தெரிந்தது. பக்கத்தில் அவன் எழுந்து நிற்பது தெரிந்தது. படகில் நடந்த பேச்சை உடனிருந்த உங்கள் உதவியாளர் கார்பினே பிறகு சொன்னார்.

“இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா, அக்கா?” என்று அவன் கேட்டிருக்கிறான்.

“முடியாதுப்பா. தாண்டினா உன்னைப் பிடிச்சுக்குவாங்க.”

மேட்டில் மண் தள்ளி முடியும் வரை அவன் நின்றே பார்த்தான். முடிந்ததும் சொன்னான்: “அண்ணன் அந்தப் பக்கம் போகணும்னுதான் ஆசைப்பட்டான். போயிட்டான்.”

எத்தனையோ பேரைக் கரை சேர்த்த கைகள் அன்று சுக்கானை விட்டு அசையவில்லை என்று கார்பினே சொன்னார். கோட்டைத் தாண்ட அஞ்சாத நீங்கள், அந்தப் பையனுக்காக அன்று கோட்டில் நின்றீர்கள். நீங்கள் செய்த வேலைகளிலெல்லாம் அதுவே கடினமானது என்று நாங்கள் கருதுகிறோம். அதற்குப் பதக்கம் இல்லை.

பதக்கம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லை கடந்த ஒத்துழைப்புக்காக உங்களைப் பாராட்டி மேலிடத்திலிருந்து ஒரு கேடயம் வந்திருக்கிறது. அதை நுழைவாயில் மேசையில் வைத்திருக்கிறோம். விரும்புவோர் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். அதே தபாலில், இரு ஊர்களின் கூட்டு மீட்பு ஒப்பந்தம் இனி புதுப்பிக்கப்படாது என்ற செய்தியும் வந்தது. உங்களிடமிருந்து எடுத்த கூட்டுப்படைத் தலைமைக்கு இனி யாரும் இல்லை. நிரப்ப வேண்டிய இடமே இல்லாமல் போய்விட்டது.

பெருமைக்குரியீர்! நோயற்ற உடலும் நொடியாத உள்ளமும் பெற்று நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். உங்கள் முழங்கால் வலி தீர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றைப் பார்க்காமல் ஆப்பிள் மது அருந்தும் பேறு உங்களுக்கு வாய்க்க வேண்டும்.

நாளை முதல் மீட்பு நிலையச் சங்கு ஒலித்தால் உங்களை அறியாமல் எழுந்து ஓடப் பார்ப்பீர்கள். ஓட வேண்டாம். நாங்கள் போவோம். கோடு வரை நிச்சயம் போவோம். கோட்டுக்கு அப்பால் ஒருவர் கை உயர்த்தினால், வானொலி நில் என்று சொன்னால், அப்போது எங்களில் யார் நீங்களாக இருப்போம் என்று எங்களுக்கே தெரியாது. உங்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் இதையும் எழுதிவிட்டோம்.

இவ்வண்ணம்,
தென்கரை மீட்புப் பணியாளர்கள்,
பாலத்தில் நின்று தாமதமாக வந்து சேர்ந்த வடகரை மீட்புப் பணியாளர்கள்.